ஆணை எழுதிய கை

நெப்போலியனின் பெயரை அறியாதார் இல்லை. அவனுடைய தளபதிகளில் குதிரைப்படையின் மூராவையும், கடைசிவரை வாளைக் கீழே வைக்காத நேயையும் அறிந்தவர்கள் உண்டு. 1804-ஆம் ஆண்டு மே மாதம் பிரெஞ்சுப் பேரரசு 18 பேருக்கு மார்ஷல் பட்டம் அளித்தபோது, பட்டியலின் முதல் வரியில் எழுதப்பட்ட பெயர் இவ்விருவரில் எவருடையதும் அல்ல. பெர்த்தியே என்ற பெயர்தான் அங்கே இருந்தது. முதல் வரியில் இருந்த அந்தப் பெயரைத்தான் உலகம் முதலில் மறந்தது.

மறந்ததற்குக் காரணம் இருக்கிறது. பெர்த்தியே தனியாகப் படை நடத்திப் பெரிய வெற்றி எதையும் பெற்றவர் அல்ல. அவருடைய ஆயுதம் பேனா. நெப்போலியன் நினைத்ததைத் தாளில் எழுதி, அந்தத் தாளை உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் சேர்ப்பித்தவர் அவர். அதனால் வெறும் குமாஸ்தா என்று அவரைக் கேலி செய்தோர் அன்றும் இருந்தனர். பின்னால் வரலாறு எழுதியவர்களிலும் இருந்தனர். அந்தக் குமாஸ்தாவின் கதையைத்தான் நாம் இன்று சொல்லப் போகிறோம்.

மாநாடு ஒன்றை நடத்திப் பார்த்த தோழர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. மேடையில் ஒலிக்கும் பேச்சு ஊரெங்கும் பேசப்படும். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள், எந்தப் பாதையில் ஊர்வலம் திரும்ப வேண்டும், இரண்டு ஊர்வலங்கள் ஒரே முச்சந்தியில் முட்டிக் கொள்ளாமல் இருக்க எது முதலில் புறப்பட வேண்டும், இரவு சாப்பாடு எத்தனை பேருக்கு என்று உறக்கமின்றிக் கணக்குப் போட்ட செயலாளரின் பெயர் சுவரொட்டியில் இராது. இதையே இரண்டு லட்சம் பேருக்கு, பகைவன் நாட்டில், மழையிலும் சேற்றிலும், எதிரி துப்பாக்கியோடு காத்திருக்கும்போது செய்வதாக எண்ணிப் பாருங்கள். அதுதான் படையின் தலைமை அலுவலகத்தை நடத்துபவரின் வேலை. பெர்த்தியே அந்த வேலையை ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஒரே மனிதனுக்காகச் செய்தார்.

லூயி அலெக்சாந்தர் பெர்த்தியே 1753-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் பிரெஞ்சு மன்னர்களின் அரண்மனை நகரான வெர்சேலில் பிறந்தார். தந்தை படையின் நிலப்படப் பொறியாளர்; போர் அமைச்சகத்துக்கு வெர்சேலில் கட்டிடம் எழுப்பியவர்; மன்னன் வேட்டையாடும் காடுகளுக்கெல்லாம் படம் வரைவித்தவர். மகனுக்கு 13 வயது ஆனபோதே அளவுகோலும் மைக்கோலும் கையில் கொடுத்து அந்தத் தொழிலில் சேர்த்துவிட்டார். மன்னன் மான் துரத்துவதற்காக வரைந்த படங்களில் கை பழகிய சிறுவன், பின்னாளில் ஐரோப்பா முழுவதையும் ஒருவன் துரத்துவதற்கு வழி வரைந்து கொடுத்தான்!

அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் ஆங்கில ஆட்சியை எதிர்த்துப் போரிட்டபோது, பிரான்சு அவர்களுக்குத் துணையாக ரோஷாம்போ என்ற தளபதியின் தலைமையில் படை அனுப்பியது. அந்தப் படையில் பெர்த்தியே அதிகாரி. 1781-ல் அந்தப் படை வடக்கே நியூபோர்ட்டிலிருந்து தெற்கே யார்க்டவுன் வரை நடந்தது. அந்த நெடும் பயணத்தில் ஒவ்வொரு நாள் பாதையையும், ஒவ்வொரு இரவு முகாமையும் பெர்த்தியேயும் அவர் தம்பியும் படமாக வரைந்தனர். அந்தப் படங்கள் அழியவில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் காக்கப்படுகின்றன. எங்கே ஆறு, எங்கே படகுத்துறை, எங்கே குதிரைக்குத் தண்ணீர் என்று பார்த்துப் பார்த்து எழுதும் கண் அப்போதே அவருக்கு வாய்த்துவிட்டது.

பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. வெர்சேலின் தேசியக் காவற்படையில் அவர் அதிகாரி. மன்னனின் அத்தைமார் இருவர் 1791-ல் நாட்டைவிட்டு வெளியேற முயன்று மக்கள் மறித்தபோது, அவர்களுக்கு வழி செய்து கொடுத்தார் என்ற பழி அவர்மேல் விழுந்தது. பழி என்றா சொன்னோம்? செய்தது உண்மைதான். அவர் அரண்மனையின் நிழலில் வளர்ந்தவர். புரட்சியின் நெருப்பு அவர் நெஞ்சில் பற்றியதே இல்லை. 1792-ல் பதவி போயிற்று. தலை போகாதது அவர் நல்ல காலம். 1795-ல், வேலை தெரிந்தவர்கள் வேண்டும் என்ற நிலை வந்தபோது, ஆல்ப்ஸ் மலைப் படைக்கு அலுவலகத் தலைவராக மீண்டும் அழைக்கப்பட்டார். அங்கேதான் படை அலுவலகப் பணியை நான்கு பகுதியாகப் பிரித்து, யார் எதற்குப் பொறுப்பு என்று ஒரு முறையை எழுதி வைத்தார். அதற்குமுன் அந்த வேலை, யார் கையில் கிடைத்ததோ அவர் செய்தார் என்ற போக்கில் நடந்து கொண்டிருந்தது.

1796-ஆம் ஆண்டு மார்ச் மாதம். இத்தாலியப் படைக்குப் புதிய தலைவன் நியமிக்கப்பட்டான். வயது 26. ஒல்லியான உடல், கோர்சிகா தீவின் உச்சரிப்பு, கிழிந்த காலணியோடு பட்டினி கிடக்கும் சிப்பாய்கள். அவனுக்கு அலுவலகத் தலைவராக வந்த பெர்த்தியேக்கு வயது 42. குட்டையான உருவம், உடலுக்குப் பொருந்தாத பெரிய தலை, சுருண்ட முடி, எந்நேரமும் நகத்தைக் கடிக்கும் பழக்கம். அழகன் என்று அவரை யாரும் சொன்னதில்லை. ஆனால் அந்த இளைஞன் மூச்சுவிடாமல் பேசியதையெல்லாம் இந்த மனிதர் தெளிவான கட்டளைகளாக மாற்றினார். நெப்போலியனின் கையெழுத்தைப் படிப்பதே பெரும்பாடு; அவன் வாய்ச்சொல்லோ ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். அதைப் பிரித்து, இன்ன பிரிவு இன்ன பாதையில் இன்ன நேரம் புறப்பட வேண்டும், இன்ன ஊரில் ரொட்டி கிடைக்கும் என்று ஒவ்வொரு தளபதிக்கும் தனித்தனியே எழுதினார்.

கோழை என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். 1796 மே 10-ஆம் நாள் லோடி என்ற ஊரில், ஆற்றுப் பாலத்தின் மறுகரையிலிருந்து ஆஸ்திரியப் பீரங்கிகள் நெருப்பைக் கக்கின. பாலத்தின்மேல் பாய்ந்த பிரெஞ்சுப் பிரிவின் முன்னணியில் நின்ற அதிகாரிகளில் பெர்த்தியேயும் ஒருவர். பேனா பிடித்த கைக்கு வாளும் பிடிக்கத் தெரியும். அதை அன்று காட்டிவிட்டு மீண்டும் மேசைக்குத் திரும்பினார்.

இத்தாலியில்தான் அவர் வாழ்வின் இன்னொரு விலங்கும் பூட்டப்பட்டது. மிலான் நகரத்து விஸ்கோந்தி சீமாட்டி என்ற பேரழகியிடம் மனத்தைப் பறிகொடுத்தார். அவளோ மணமானவள். 1798-ல் நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்தபோது, பாலைவனத்துக் கூடாரம் ஒன்றில் அவளது படத்தை வைத்துப் பெர்த்தியே பூசை செய்யாத குறையாக இருந்தார் என்று உடனிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். படைத்தலைமைக்கே அது கேலிப்பொருள். அந்தக் காதலுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

1799-ல் நெப்போலியன் ஆட்சியைப் பிடித்தான். பெர்த்தியே போர் அமைச்சரானார். அடுத்த ஆண்டு ஒரு வேடிக்கை நடந்தது. முதல் கான்சல் என்ற பதவியில் இருப்பவன் நேரடியாகப் படை நடத்துவது முறையன்று என்று கருதப்பட்டதால், ஆல்ப்ஸ் மலையைக் கடந்த படைக்குப் பெயரளவில் தலைவர் பெர்த்தியே! செயின்ட் பெர்னார்டு கணவாயின் பனியில் பீரங்கிகளை மரத்தொட்டியில் வைத்து இழுத்துச் சென்றதும், 1800 ஜூன் 14-ல் மாரெங்கோவில் வென்றதும் ஏட்டின்படி பெர்த்தியேயின் படை. புகழ் யாருக்குப் போயிற்று என்று நாம் சொல்ல வேண்டுமா?

இனி அந்த மனிதரின் வேலையைச் சற்று அருகே சென்று பார்ப்போம். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைத்தான் இரண்டு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நெப்போலியன் பயணம் செய்வது ஒரு பெரிய வண்டியில். அதில் நிலப்படமும், எழுதுபொருளும், விளக்கும் உண்டு. பக்கத்தில் பெர்த்தியே. பேரரசன் கால் நீட்டி உறங்கலாம். பெர்த்தியே உட்கார்ந்தபடியே கண்ணயர வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்த அறிக்கைகளைப் பார்த்து நெப்போலியன் பதில் சொல்வான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கியதும் பெர்த்தியே அவற்றை ஆணைகளாக எழுதுவிப்பார். இரவு எத்தனை மணிக்கு அழைத்தாலும் முழுச் சீருடையில் வந்து நிற்பார். பதின்மூன்று நாள் இரவும் பகலும் உறங்காமல் வேலை செய்தார் என்று ஒரு கதை உண்டு. கதையில் உப்பும் காரமும் சேர்ந்திருக்கலாம்; அப்படிக் கதை கட்டத் தோன்றும் அளவுக்கு உழைத்தார் என்பதில் ஐயமில்லை.

படையில் எந்த ரெஜிமெண்டு எங்கே இருக்கிறது, அதில் நடக்கக் கூடியவர் எத்தனை, மருத்துவமனையில் எத்தனை என்பதெல்லாம் அவருடைய சிறு கணக்கேடுகளில் இருந்தன. நெப்போலியன் கேட்டால் தடுமாறாமல் எண் வரும். ஆணை ஒன்று புறப்படுகிறது என்றால், எத்தனை மணிக்கு யார் கையில் கொடுத்தது என்று பதிவு. முக்கியமான ஆணை என்றால் ஒரே செய்தியைப் பல படிகள் எடுத்து, வெவ்வேறு அதிகாரிகளிடம் கொடுத்து, வெவ்வேறு பாதையில் அனுப்புவார். ஒருவன் குதிரை இடறி விழலாம். ஒருவன் பகைவனிடம் சிக்கலாம். ஒருவனாவது போய்ச் சேருவான். சேர்ந்ததற்கு மறுமொழி வராவிட்டால் மீண்டும் ஆள் போகும். ரயில் பாதையில் வேலை செய்யும் தோழர்கள் இதன் அருமையை உடனே உணர்வார்கள். எதிரும் புதிருமாக வண்டிகள் வரும் ஒற்றைப் பாதையில், முன் நிலையத்தின் மறுமொழி வராமல் ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியை விடுவாரா? விட்டால் என்ன ஆகும்? பெர்த்தியேயின் காலத்தில் ரயிலும் இல்லை, டெலிபோனும் இல்லை. குதிரையும் தாளும்தான்.

1805-ல் இந்த முறையின் முழு வலிமையும் வெளிப்பட்டது. பிரான்சின் வடகரையில், இங்கிலாந்தைத் தாக்குவதற்காகப் பூலோன் துறைமுகத்தைச் சுற்றிப் பெரும்படை காத்திருந்தது. கடல் வழி திறக்கவில்லை. ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் கிழக்கே கிளம்பிவிட்டன. ஆகஸ்டு மாத இறுதியில் நெப்போலியன் முடிவு செய்தான்: இங்கிலாந்து வேண்டாம், டான்யூப் ஆற்றுக்குத் திரும்பு! சொல்வது எளிது. ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். ஒரு பிரிவு பூலோனில், ஒரு பிரிவு ஹாலந்தில், ஒரு பிரிவு ஜெர்மனியின் ஹானோவரில். அனைவரும் வெவ்வேறு பாதையில் நடந்து, ஒருவர் பாதையை ஒருவர் மறிக்காமல், ஒருவர் ரொட்டியை ஒருவர் தின்றுவிடாமல், குறித்த நாளில் குறித்த இடத்தில் கூட வேண்டும்.

கூடினார்கள். செப்டம்பர் கடைசியில் பெரும்படை ரைன் நதியைக் கடந்தது. ஹாலந்திலிருந்தும் ஹானோவரிலிருந்தும் வந்த பிரிவுகள் வூர்ஸ்பர்க்கில் இணைந்தன. அக்டோபர் முதல் வாரத்தில் டான்யூப் ஆற்றைத் தாண்டினார்கள். ஊல்ம் நகரில் இருந்த ஆஸ்திரியத் தளபதி மாக், பிரெஞ்சுக்காரர்கள் முன்னாலிருந்து வருவார்கள் என்று மேற்கே பார்த்துக் கொண்டிருந்தார். அவர்கள் முதுகுப்பக்கம் வந்து நின்றார்கள்! அக்டோபர் 20-ஆம் நாள் சுமார் 25,000 பேர் ஆயுதங்களைக் கீழே போட்டு வரிசையாக நடந்தனர். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த மாக்கும் படை அலுவலகப் பணியில் புகழ் பெற்றவர்தான். தாளில் அழகாகத் திட்டம் தீட்டுவார் என்று பெயர். தாளும் கால்களும் ஒன்றுபடுமாறு செய்யத் தெரிந்தவர் எதிர்ப்பக்கம் இருந்தார். டிசம்பர் 2-ல் ஆஸ்டர்லிட்ஸ் வெற்றி வந்தது. அதை உலகம் அறியும்.

இந்த வெற்றிகளுக்குப் பேரரசன் கூலி கொடுத்தான். அள்ளி அள்ளிக் கொடுத்தான். 1806-ல் சுவிஸ் எல்லையில் உள்ள நியூஷாத்தேல் என்ற சிறு நாட்டுக்குப் பெர்த்தியே அரசரானார். தம் நாட்டில் அவர் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. எல்லாம் கடிதம் மூலமே ஆண்டார். குமாஸ்தா அரசர் என்று சிரிக்கலாம். ஆனால் அந்த நாட்டு இளைஞர்களைத் திரட்டி மஞ்சள் சீருடை போட்டு ஒரு பட்டாளம் அமைத்தார். மஞ்சள் நிறத்தால் கேனரிப் பறவைகள் என்று அவர்களுக்குப் பட்டப்பெயர். ஸ்பெயினுக்கும் ரஷ்யாவுக்கும் சென்ற அந்தப் பறவைகளில் கூடு திரும்பியவை மிகச் சிலவே. தாம் பார்த்திராத நாட்டின் பிள்ளைகளைத் தாம் எழுதிய ஆணையால் சாவுக்கு அனுப்பினார் என்பதையும் அவர் கணக்கில் எழுதியே தீரவேண்டும்.

இடையே ஒரு சிரிப்புக் கதை. 1807-ல் வெற்றிக் களிப்பில் பேரரசனுக்காக முயல் வேட்டை ஒன்றுக்குப் பெர்த்தியே ஏற்பாடு செய்தாராம். காட்டு முயலுக்குப் பதில் வீட்டில் வளர்த்த முயல்களை வாங்கிவிட்டார்கள். கூண்டைத் திறந்ததும் அவை ஓடவில்லை. தீனி போட வந்தவன் என்று எண்ணி நூற்றுக்கணக்கில் நெப்போலியனை நோக்கிப் பாய்ந்தன! ஐரோப்பாவை வென்றவன் வண்டிக்குள் ஏறித் தப்பினான் என்று கதை முடிகிறது. எவ்வளவு உண்மையோ! பெர்த்தியேயைப் பிடிக்காதவர்கள் அந்தக் கதையை விரும்பிச் சொன்னார்கள்.

பணமும் பட்டமும் கொடுத்தவன் மனிதனின் வாழ்வையும் எடுத்துக்கொண்டான். விஸ்கோந்தி சீமாட்டியின் மேல் கொண்ட பித்தை விட்டுவிடு, அரச குடும்பத்தில் பெண் கொள் என்று வற்புறுத்தினான். 1808 மார்ச் மாதம் பவேரிய அரச குடும்பத்து இளவரசி ஒருத்தியைப் பெர்த்தியே மணந்தார். அவருக்கு வயது 54. மணம் முடிந்து சில நாளே ஆனது, விஸ்கோந்தி சீமாட்டியின் கணவன் இறந்தான்! பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தவர் இன்னும் சில வாரம் காத்திருந்தால் போதும். காத்திருக்க விடவில்லை ஆணை. ஒரு வாழ்நாள் முழுவதும் பிறருக்கு ஆணை எழுதியவருக்கும் ஆணை வந்தது; அதற்கும் அவர் பணிந்தார்.

1809-ஆம் ஆண்டுக்கு வருகிறோம். பெர்த்தியேயைத் தாழ்த்த நினைப்போர் எடுத்துக் காட்டும் ஆண்டு இது; நாமும் அதை மறைக்கப் போவதில்லை. ஆஸ்திரியா மீண்டும் போருக்கு எழுந்தது. நெப்போலியன் பாரிசில். ஜெர்மனியில் இருந்த படையை, தான் வரும்வரை பார்த்துக்கொள்ளும்படி பெர்த்தியேயை அனுப்பினான். ஏப்ரல் 10-ல் ஆஸ்திரியப் படை இன் நதியைத் தாண்டியது. பாரிசிலிருந்து இரண்டு வகையில் கட்டளை வந்தது. ஒன்று, கோபுரங்களின் உச்சியில் மரக் கைகளை அசைத்துச் சைகையால் செய்தி கடத்தும் அந்தக் காலத் தந்தி. மற்றது, குதிரையில் வந்த கடிதம். தந்தி தாமதமாயிற்று, அதற்குப்பின் எழுதிய கடிதம் முந்திக்கொண்டது. கடிதமோ இருபொருள் தந்தது. தாவூ என்ற மார்ஷலின் பிரிவு ரேகன்ஸ்பர்க்கில் நிற்க வேண்டுமா, பின்வாங்கி மற்றவர்களோடு சேர வேண்டுமா?

தளபதியாக இருப்பவன் எதிரியைப் பார்த்து முடிவு செய்வான். பெர்த்தியே கடிதத்தைப் பார்த்து முடிவு செய்தார். எழுத்து எப்படிச் சொன்னதோ அப்படியே தாவூவை ரேகன்ஸ்பர்க்குக்குத் திருப்பினார். படை இரண்டாகப் பிளந்தது. இரு பாதிகளுக்கும் நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளி. பகைவன் அதற்குள் புகுந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தவறு நடக்கிறது என்பது அவருக்கே தெரிந்திருந்தது. விரைந்து வரும்படி பேரரசனுக்குக் கெஞ்சி எழுதினார். ஏப்ரல் 17-ல் நெப்போலியன் வந்தான், நிலைமையைப் புரட்டினான், 23-க்குள் ஆபேன்ஸ்பர்க், லாண்ட்ஸ்ஹூட், எக்மூல், ரேகன்ஸ்பர்க் என்று வரிசையாக வென்றான். தாவூ பெர்த்தியேயை மன்னிக்கவே இல்லை.

குற்றம் யாருடையது? பதின்மூன்று ஆண்டுகளாக ஒரு மனிதனை, நீ சிந்திக்காதே, நான் சொல்வதை எழுது என்று பழக்கிவிட்டு, திடீரென்று ஒரு நாள் சிந்தி என்றால் எப்படிச் சிந்திப்பான்? நெப்போலியன் தன்னைச் சுற்றி யாரையும் வளரவிடவில்லை. தன் எண்ணம் ஒன்றே எண்ணம் என்று இருந்தான். அந்த ஏற்பாடு அவன் அருகில் இருக்கும் வரை பொன்னாக வேலை செய்தது. அவன் பாரிசில் இருந்த அந்த ஒரு வாரத்தில் பொத்தலாகிப் போயிற்று. பெர்த்தியேயின் குறை உண்மை. அந்தக் குறையை வளர்த்தவன் மேல் பழி சுமத்தாமல் அவரை மட்டும் ஏசுவது நியாயமாகாது என்பது நம் கருத்து.

ஆனால் வேலை தம் கைக்குத் திரும்பியதும் அதே மனிதர் மீண்டும் வல்லவரானார். ஜூலை 4-ஆம் நாள் இரவு, இடியும் மழையும் கொட்ட, டான்யூப் ஆற்றின் தீவு ஒன்றிலிருந்து பாலங்கள் வழியே பெரும்படையை மறுகரைக்கு ஏற்றினார்கள். அடுத்த இரண்டு நாளில் வாக்ராம் போரில் வெற்றி. பெர்த்தியேக்கு வாக்ராம் இளவரசர் என்ற பட்டம். 1810-ல், தோற்ற ஆஸ்திரியப் பேரரசனின் மகளை நெப்போலியனுக்குப் பெண் கேட்டு வியன்னாவுக்குப் போன தூதரும் அவரே. தோல்வியின் பெயரையே பட்டமாகச் சுமந்தவர் பெண் கேட்டு வந்தால், பெண் வீட்டார் முகம் எப்படி இருந்திருக்கும்!

1812 ஜூன் 24. நீமன் நதியைக் கடந்து பெரும்படை ரஷ்யாவுக்குள் நுழைந்தது. பின்னால் அனுப்பியவர்களையும் சேர்த்தால் ஆறு லட்சம் பேர் என்பர். அத்தனை பேருக்கும் பெர்த்தியேயின் ஏட்டில் கணக்கு இருந்தது. ரஷ்யாவின் தூரம் அந்தக் கணக்கைத் தின்றது. ஆணை எழுதினால் போய்ச் சேர நாட்கள் ஆயின. சேரும்போது பிரிவு அந்த இடத்தில் இல்லை. குதிரைகள் செத்தன. ரொட்டி வண்டிகள் பின்தங்கின. மாஸ்கோ எரிந்தது. திரும்பும் வழியில் பனி. ஏட்டில் ரெஜிமெண்டு என்று எழுதப்பட்டிருந்த இடத்தில் கந்தல் போர்த்திய சிலர் தடி ஊன்றி நடந்தார்கள். தாளில் உள்ள எண்ணுக்கும் தரையில் உள்ள மனிதனுக்கும் தொடர்பு அறுந்த பின், கணக்கெழுதும் அந்த மனிதரின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்!

டிசம்பர் 5-ல் ஸ்மோர்கோன் என்ற ஊரில் நெப்போலியன் படையை விட்டுப் பாரிசுக்குப் புறப்பட்டான். பெர்த்தியே நோயாளி, வயது 59, தம்மையும் அழைத்துச் செல்லும்படி கண்ணீர்விட்டுக் கேட்டார். மறுத்துவிட்டான். மூராவைத் தலைவனாக்கி, அவனுக்கு எழுதும் வேலைக்குப் பெர்த்தியேயைப் பனியில் நிறுத்திவிட்டுப் போனான். படை என்று சொல்ல இனி ஒன்றும் மிஞ்சவில்லை என்ற செய்தியைப் பேரரசனுக்கு எழுதி அனுப்பியது பெர்த்தியேயின் கை. சில வாரத்தில் மூராவும் தன் நேப்பிள்ஸ் நாட்டுக்கு ஓடிவிட்டான். பெர்த்தியே ஓடவில்லை, இயலாத உடம்போடு அடுத்து வந்த தலைவனுக்கும் எழுதிக் கொடுத்தார்.

1813-ல் ஜெர்மனியில் தோல்வி. 1814 ஜனவரியில் பிரான்சின் மண்ணிலேயே போர். பிரியேன் என்ற இடத்தில் கொசாக்கு வீரனின் ஈட்டி அவர் தலையில் பட்டது. மார்ச் இறுதியில் பாரிஸ் விழுந்து, ஏப்ரலில் ஃபோந்தேன்ப்ளோ அரண்மனையில் நெப்போலியன் முடி துறந்தான். அப்போது பெர்த்தியே பாரிசுக்குப் போய் வருவதாகச் சொல்லி விடைபெற்றார். திரும்பி வரவில்லை. பூர்போன் மன்னன் பதினெட்டாம் லூயியிடம் பணிந்து, அவனுடைய மெய்க்காவற்படையில் தலைவர் பதவி ஒன்றைப் பெற்றுக்கொண்டார்.

இதைத் துரோகம் என்பார் உண்டு. பதினெட்டு ஆண்டுகள் உப்பைத் தின்றவன் ஓர் இரவு உடனிருந்திருக்கக் கூடாதா என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். நாம் ஒன்று சொல்வோம்: அவர் கொள்கைக்காகச் சேர்ந்தவர் அல்லர், அதனால் கொள்கைக்காகப் பிரியவும் இல்லை. வெர்சேலில் மன்னனுக்கு வேலை செய்தார், புரட்சிக்கு வேலை செய்தார், பேரரசனுக்கு வேலை செய்தார், மீண்டும் மன்னனுக்கு. மேசை மாறியது, வேலை மாறவில்லை. திறமையில் அவருக்கு ஈடில்லை. எதற்காக அந்தத் திறமை என்ற கேள்வியை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. தம் வேலையை நேசிக்கும் எவருக்கும் இந்த இடத்தில் நெஞ்சு உறுத்தும். நமக்கும் உறுத்துகிறது.

1815 மார்ச் 1. எல்பா தீவிலிருந்து தப்பிய நெப்போலியன் பிரான்சில் இறங்கினான். நேய் தாவினார், சிப்பாய்கள் தாவினார்கள், 20-ஆம் நாள் பாரிஸ் அவன் கையில். பெர்த்தியே மன்னனோடு எல்லை கடந்து பெல்ஜியம் சென்றார். அங்கிருந்து மனைவியின் உறவினர் இருந்த பவேரியாவின் பாம்பர்க் நகரத்து அரண்மனைக்கு. நெப்போலியன் பக்கம் போகவும் துணிவில்லை. எதிர்த்துப் போரிடவும் மனமில்லை. ஜூன் 1-ஆம் நாள், பிரான்சை நோக்கிச் செல்லும் ரஷ்யப் படை பாம்பர்க் தெருவில் அணிவகுத்துப் போயிற்று. மாடிச் சாளரத்தில் நின்று பெர்த்தியே அதைப் பார்த்துக் கொண்டிருந்தார். எத்தனை ஆயிரம் அணிவகுப்புகளுக்கு நேரம் குறித்த கண்கள்! இப்போது போகும் படைக்கு ஆணை அவருடையதல்ல. அது போவதோ அவர் நாட்டை மிதிக்க. சற்று நேரத்தில் அவர் உடல் கீழே கல்தரையில் கிடந்தது. தவறி விழுந்தாரா, தாமே விழுந்தாரா, தள்ளப்பட்டாரா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. வயது 61.

பதினைந்து நாள் கழித்து, ஜூன் 16. பெல்ஜியத்தில் ஒரே நாளில் லிஞ்ஞி, காத்ரபிரா என்று இரண்டு களங்களில் போர். பெர்த்தியேயின் மேசையில் இப்போது மார்ஷல் சூல்த். நல்ல தளபதி, களத்தில் பெர்த்தியேயைவிடப் பன்மடங்கு வல்லவர். இந்த வேலைக்குப் புதியவர். டெர்லோன் என்ற தளபதியின் கீழ் சுமார் 20,000 பேர் காத்ரபிராவை நோக்கி நடந்தனர். வழியில் லிஞ்ஞிக்கு வா என்று ஓர் ஆணை. அங்கே திரும்பினார்கள். உடனே நேயிடமிருந்து காத்ரபிராவுக்கு வா என்று இன்னோர் ஆணை. மீண்டும் திரும்பினார்கள். பொழுது சாய்ந்தது. இரண்டு போரிலும் அந்த இருபதாயிரம் பேர் பயன்படவில்லை. நாள் முழுதும் நடந்ததே மிச்சம்.

பெர்த்தியே இருந்திருந்தால் நெப்போலியன் வென்றிருப்பான் என்று சிலர் எழுதுகிறார்கள். அவ்வளவு தூரம் நாம் போகமாட்டோம். ஐரோப்பா முழுவதும் எதிர்த்து நின்றது. இன்று இல்லாவிட்டால் நாளை தோற்றிருப்பான். ஆனால் ஜூன் 18-ஆம் நாள் வாட்டர்லூவில், பிரஷ்யப் படை பக்கவாட்டில் வருவது தெரிந்த பிறகு, 33,000 பேரோடு பிரிந்து போயிருந்த க்ரூஷியைத் திரும்ப அழைக்கும் கடிதம் பிற்பகல் 1 மணி அளவில் எழுதப்பட்டது. அது க்ரூஷியின் கையில் கிடைத்தபோது மாலை ஆகிவிட்டது.